பட்டன் டயரும் எங்கள் ரோடும்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, நட்பைப் பற்றியும் தாய்மையைப் பற்றியும் எழுத நிறையப் பேர் கை தூக்கினார்கள். நான் டயரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கடைசி பெஞ்சு முழுக்கச் சிரித்தது. "பஞ்சர் கடை வைக்கப் போறியாடா?" என்று ஒருவன் கேட்டான். வைத்தால் என்ன, அதுவும் தொழில்தானே! ஆனால் நான் எழுத வந்த காரணம் வேறு. போன ஐப்பசியில் எங்கள் அப்பா ஒகேனக்கல் கணவாயில் வண்டியோடு விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த வண்டிக்கு அந்த டயரை வாங்கச் சொன்னவன் நான்.

அப்பா மீன் வியாபாரி. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பழைய ஸ்ப்ளெண்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒகேனக்கல் போவார். ஐஸ் போட்டு மீனை எடுத்துக்கொண்டு பென்னாகரத்துக்கு ஏறி வந்து, சுற்றியுள்ள ஊர்களில் விற்றுவிட்டு மதியம் வீடு சேருவார். எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கத்தில்தான். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. அந்த மூன்று கிலோமீட்டரும் கப்பி ரோடு. ஜல்லியைப் பரப்பி, மேலே கிராவல் மண்ணைக் கொட்டி, உருளை ஓட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு மழையில் மண் போய்விட்டது, ஜல்லி மட்டும் நிற்கிறது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா மூன்றாவது, அம்மா அதுவும் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும், எந்த மிஷின் நின்றாலும் என் முன்னால் வைத்துவிடுவார்கள். கரண்ட் பில்லா, ரேஷன் கார்டா, ஓடாத மிக்ஸியா, எல்லாம் நான்தான். போன சித்திரையில் வண்டியின் பின் டயர் மொட்டையாகிவிட்டது. அப்பா கேட்டார்: "நீ மெக்கானிக்குக்குத்தானே படிக்கிற? எந்த டயரு போடலாம்னு நீயே சொல்லு கண்ணு." (மெக்கானிக்கல் வேறு, மெக்கானிக் வேறு என்று அவருக்கு நான் விளக்கப் போனதில்லை. அப்படி நினைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.)

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பட்டன் டயர் போடுப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெங்களூரிலிருந்து ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கே.டி.எம். அட்வென்ச்சர் என்று வரிசையாக ஒகேனக்கல் போகும். முட்டிக்கு கவசம், முதுகுக்குப் பை, பின்னால் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்! அதைப் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்து மொபைலில் வீடியோ பார்ப்போம். வீடியோவில் ஒருவர் ஆற்றுப் படுகையில் இறங்குவதற்கு முன் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். "காத்து கம்மியா இருந்தா கிரிப் ஜாஸ்தி" என்பார். இந்த இரண்டும்தான் என் படிப்பு. அதை அப்படியே அப்பாவிடம் கொடுத்தேன்.

டயர் கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் வேறு டயரை எடுத்து வைத்தார். நடுவில் ரப்பர் சேர்ந்தாற்போல் இருக்கும், ஓரத்தில் கட்டம் கட்டமாக இருக்கும், அந்த வகை. "லோடு அடிக்கிற வண்டிக்கு இதாங்க சரியா வரும்" என்றார். அப்பா சொன்னார்: "இல்லீங்க, பையன் பட்டன்தான் சொல்றான். படிக்கிற பையன்." கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. படிக்காத கடைக்காரரின் இருபது வருஷ அனுபவம், படிக்கிற பையன் என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதல் நான்கு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஜல்லியில் வண்டி குதிக்காமல் ஏறியது. தாரில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "உம் பையன் சொன்ன டயரு ஜம்முனு இருக்குது" என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். காற்றையும் நான் சொன்னபடி பதினெட்டில் வைத்து ஓட்டினார். நடுவில் இருந்த பட்டன்கள் தாரில் தேய்ந்து, ஒரு பக்கம் உயரம் ஒரு பக்கம் தாழ்வு என்று ரம்பப் பல் போல் ஆனதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஐப்பசி முதல் மழை. தோழர்களே, முதல் மழையில் தார் ரோடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மாசக்கணக்கில் படிந்த தூசியும், லாரி ஒழுக்கிய ஆயிலும் தண்ணீரோடு சேர்ந்து சோப்பு மாதிரி கிடக்கும். பெட்டியில் ஐம்பது கிலோ மீனும் ஐஸும். கணவாய் வளைவில் எதிரே பஸ் வரவும் அப்பா பின் பிரேக்கை மிதித்திருக்கிறார். பின் சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. மீன் ரோடு முழுக்கச் சிதறி, குரங்குகள் வந்து எடுத்துக்கொண்டு போனதாம். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கித் தூக்கிவிட்டார்கள். ஏழு வாரம் கட்டு. ஏழு வாரமும் வியாபாரம் இல்லை. என் மூன்றாம் வருஷப் பீஸை அம்மா தோட்டை வைத்துக் கட்டினார்.

அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மழைக்கு வழுக்கிடுச்சி" என்பதோடு சரி. சொல்லியிருந்தால்கூடத் தேவலை!

அதற்குப் பிறகுதான் நான் டயரைப் படித்தேன். படித்ததில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

ஓடுகிற பைக் ரோட்டைத் தொடுகிற இடம் எவ்வளவு? முன்னால் ஒரு உள்ளங்கை, பின்னால் ஒரு உள்ளங்கை, ஏறக்குறைய அவ்வளவுதான். தார் ரோட்டில் பிடிமானம் என்பது அந்த உள்ளங்கையில் எவ்வளவு ரப்பர் ரோட்டைத் தொடுகிறது, ரோட்டின் நுண்ணிய மேடு பள்ளங்களில் அது எப்படி அழுந்திப் படிகிறது என்பதைப் பொறுத்தது. பட்டன் டயரில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இருப்பது காலி இடம். பட்டனின் தலை மட்டுமே ரோட்டைத் தொடும். தண்ணீரை ஒதுக்க இடம் நிறைய இருக்கிறது, உண்மை. ஆனால் ஒதுக்கிய பிறகு பிடித்துக்கொள்ள ரப்பர் வேண்டுமே! அதோடு வளைவில் வண்டி சாயும்போது, உயரமான ஓரத்துப் பட்டன்கள் வளைந்து கொடுக்கும். நம் ஒர்க்ஷாப்பில் மெல்லிய உளியை ரொம்ப வெளியே நீட்டி வைஸில் கட்டினால் ஆடுமே, அது போல.

சரி, ஜல்லியிலாவது பட்டன் உதவுமா? அங்கேதான் எனக்கு அடுத்த பாடம். பட்டன் டயரின் வேலை மண்ணைத் தோண்டிப் பிடிப்பது. சேறு, மணல், இளகிய மண், இங்கெல்லாம் அது ராஜா. ஆனால் எங்கள் கப்பி ரோட்டில் அடியில் இருப்பது கெட்டித் தளம், மேலே உருளுகிற ஜல்லி. எதைத் தோண்டுவது? மொசைக் தரையில் கோலிக்குண்டைக் கொட்டி அதன்மேல் நடப்பது மாதிரிதான். அந்த ரோட்டில் விழாமல் இருக்க நிதானமான வேகமும், சரியான காற்றும், கல் குத்தினால் கிழியாத பக்கச் சுவரும் வேண்டும். பட்டனால் வரும் லாபம் கொஞ்சம்தான்.

காற்றைப் பற்றி நான் சொன்னது பட்டனைவிடப் பெரிய தப்பு. வீடியோவில் அந்த ஆள் காற்றைப் பிடுங்கினார் அல்லவா? ஆற்றைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் சின்ன பம்பை எடுத்து மறுபடி அடித்துக்கொண்டார். அந்தப் பாதியை நான் ஓட்டிவிட்டுப் பார்த்தேன். போரடித்தது! சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கிற காற்றுதான், ரப்பர் வெறும் பைதான். காற்றைக் குறைத்து ஐம்பது கிலோ பெட்டியை ஏற்றினால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும், வளைவில் வண்டி நெளியும், கல்லில் மோதினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். வண்டியோடு வரும் புத்தகத்தில் பின் சக்கரத்துக்கு இரண்டு கணக்கு போட்டிருக்கிறான்: ஒருவர் போனால் இவ்வளவு, இருவர் போனால் இவ்வளவு. அப்பா தனியாகத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பெட்டிதான் இரண்டாவது ஆள்!

இப்போது நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் டயர் வாங்கும்போது, போகிற வழியில் எந்த இடம் பார்க்கப் பயமாக இருக்கிறதோ அந்த இடத்தை நினைத்து வாங்குகிறோம். அது தவறு. எந்த இடத்தில் வேகமாகப் போகிறோமோ, எந்த இடத்தில் சுமையோடு போகிறோமோ, அந்த இடத்தை நினைத்து வாங்க வேண்டும். எங்கள் கப்பி ரோட்டில் அப்பா போவது மணிக்கு 15 கிலோமீட்டர். அங்கே வழுக்கினால் காலை ஊன்றிக்கொள்ளலாம். கணவாய்க்கு அப்புறம் இப்புறம் போவது 45. வேகம் மூன்று மடங்கு. முதல் வருஷம் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், இயக்க ஆற்றல் ஒன்பது மடங்கு. ஜல்லி மிரட்டும், ஆனால் எலும்பை முறிப்பது தார்.

கட்டுப் போட்டு அப்பா வீட்டில் இருந்தபோது, அவர் ஒரு நாள் ஓடும் தூரத்தை இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். மொத்தம் 58 கிலோமீட்டர். அதில் ஜல்லியும் மண்ணும் சேர்த்து 9. நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் சொச்சம். இந்தக் கணக்கைச் சித்திரையிலேயே ஒரு சிகரெட் அட்டையில் போட்டிருக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

டயர் கம்பெனிக்காரர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். அட்வென்ச்சர் பைக் டயர்களை 90க்கு 10, 80க்கு 20, 50க்கு 50 என்று பிரிப்பார்கள். முதல் எண் தார், இரண்டாவது எண் மண். இதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்றும் கிடையாது, அவரவர் மதிப்பீடுதான். ஆனாலும் ஒரு வழிகாட்டி. இன்னொன்றையும் கவனியுங்கள். ராயல் என்ஃபீல்டு 2016ல் ஹிமாலயனை விட்டபோது, மலை ஏறுகிற வண்டி என்றுதான் சொல்லி விட்டார்கள். அதற்கே கம்பெனி போட்டுக் கொடுத்தது முழுப் பட்டன் அல்ல, தாருக்கும் மண்ணுக்கும் நடுத்தரமான டயர்தான். மேடு பள்ளத்தைச் சமாளிக்க அவர்கள் நம்பியது முன்னால் வைத்த 21 அங்குலச் சக்கரத்தையும் நீண்ட சஸ்பென்ஷனையும். சக்கரம் பெரிதானால் குழியில் விழுவது குறைவு, கல்லில் ஏறும் கோணமும் சாய்வாகும். 2019ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200லும் முன் சக்கரம் 21தான். நாம் என்ன செய்கிறோம்? 18 அங்குலச் சக்கரமும் சாதாரண ஷாக் அப்சார்பரும் உள்ள வண்டிக்குப் பட்டனை மட்டும் மாட்டிவிட்டு, அட்வென்ச்சர் என்கிறோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் காலேஜ் ஸ்டாண்டில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 43 பைக்குகளில் 11ல் பட்டன் டயர். பதினோரு பேரையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். தினமும் மண் ரோட்டில் வருகிறவர்கள் இரண்டு பேர். மற்றவர்களில் ஒருவன் உண்மையைச் சொன்னான்: "கெத்துக்குடா."

கெத்துக்குப் போடுகிறவனைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. விழுந்தால் அவன் விழுவான். வீட்டு வண்டிக்கு டயர் சொல்கிறவனைப் பற்றித்தான் என் கவலை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் படிப்பு. நாம் வாயைத் திறந்தால் வீட்டில் அதுதான் சட்டம். சரிபார்க்க அங்கே யாரும் இல்லை. அரையும் குறையுமாகத் தெரிந்ததை முழுசாகத் தெரிந்த மாதிரி சொன்னால், அதன்மேல் ஏறிப் போவது நம் அப்பாவாகத்தான் இருக்கும்.

பட்டனே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மலை அடிவாரத்தில் களிமண் பாதையில் தினமும் ஏறி இறங்குகிற தோழன் ஒருவன் நம் சிவில் பிரிவில் இருக்கிறான். மழைக்காலத்தில் அவன் ஊருக்குப் பட்டன் இல்லாமல் வண்டி ஏறாது. அவன் கணக்கில் மண் எழுபது, தார் முப்பது. அவன் போட வேண்டும், போட்டுவிட்டுத் தாரில் மெதுவாக வர வேண்டும். இன்னும் மேலே போனால் டயர் பேச்சுக்கே இடமில்லை. நம் பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில்தானே போனது! எந்த டயர் என்று கேட்பதற்கு முதலில் ஒரு ரோடு வேண்டும்.

வாங்கும்போது பட்டனை மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் எழுதியிருப்பதையும் படியுங்கள். 80/100-18 என்றால் அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அதில் நூற்றுக்கு நூறு, ரிம் 18 அங்குலம். அதை அடுத்து 47 பி, 54 பி என்று ஏதாவது இருக்கும். யாரும் பார்ப்பதில்லை, மீன்காரனுக்கும் பால்காரனுக்கும் அதுதான் முக்கியம். 47 என்றால் அந்த டயர் தாங்கும் எடை 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ. பி என்பது வேகம், 150 கிலோமீட்டர் வரை. பார்க்க ஒரே டயர் மாதிரி இருக்கும், சுமையில் 37 கிலோ வித்தியாசம்! பிறகு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ரப்பர் கடையில் தூங்கினாலும் வயசாகும், பழைய சரக்கைத் தலையில் கட்டினால் திருப்பிக் கொடுங்கள். சுழல வேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும், அதை மாற்றி மாட்டுகிற புண்ணியவான்களும் உண்டு.

நாம் படித்து முடித்து அரக்கோணத்து எம்.ஆர்.எஃப்.புக்கோ, மதுரைப் பக்கம் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவுக்கோ, ஒரகடத்து அப்போலோவுக்கோ போய் இந்த எழுத்துகளை அச்சில் வார்க்கிற வேலையையே செய்யலாம். அதற்கு முன்னால் நம் வீட்டு வண்டியில் அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லதுதானே?

ஒரு சேதி படித்தேன். காற்றடைத்த டயரை 1888ல் பெல்ஃபாஸ்டில் செய்த டன்லப் இன்ஜினியர் இல்லை, மாட்டு டாக்டர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் குலுங்குகிறதே என்று செய்து கொடுத்தாராம். அங்கே மகனுக்காக அப்பா டயர் செய்தார். நான் அப்பாவுக்குச் செய்ததை மேலே எழுதிவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு, கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த அதே வகை டயரை வாங்கினோம். 54 பி. காற்று இருவர் கணக்குப்படி. முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "முன் பிரேக்கு பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் ஊர் மைதானத்தில் நான் முதலில் ஓட்டிக் காட்டினேன், பிறகு அவர் ஓட்டினார். இந்த முறை நான் சொன்னதை அவர் அப்படியே நம்பவில்லை. பத்து முறை பிடித்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஸ்டாண்டில் தினமும் நாற்பது வண்டிக்கு மேல் நிற்கிறது. காற்று பார்க்க ஒரு கேஜ் கிடையாது. பங்க்கில் இருப்பது பாதி நாள் ரிப்பேர், மீதி நாள் கூட்டம். ஒரு ஃபுட் பம்பும் ஒரு நல்ல கேஜும் வாங்கி ஸ்டாண்டு சுவரில் சங்கிலி போட்டு மாட்டி வையுங்கள். இந்த மலரின் கலர் அட்டைக்கு ஆன செலவுகூட ஆகாது. வாங்கி வைத்தால், எந்த வண்டிக்கு எவ்வளவு காற்று என்று பக்கத்தில் ஒரு அட்டவணை எழுதி ஒட்டும் வேலை என்னுடையது. ஒவ்வொரு வண்டியின் புத்தகத்தையும் பார்த்துத்தான் எழுதுவேன். புத்தகம் வைத்திருப்பவர்கள் திங்கட்கிழமை எடுத்து வாருங்கள். நாலரை மணிக்கு மேல் ஸ்டாண்டில் இருப்பேன்.